ராவுத்தர் கொடுத்த துண்டு

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், பின்னால் சாயாமல் உட்காருங்கள். உங்கள் மிளகாய்க்கு முன்னால் இன்னும் நாலைந்து பை காத்திருக்கிறது. என் மகள் கோகிலா அவசரப்பட மாட்டாள். மிளகாய் அரைத்த கையோடு மல்லியைப் போட்டால் மல்லியில் காரம் ஏறிவிடும் என்று ஒவ்வொரு பைக்கும் நடுவில் மில்லைத் துடைப்பாள். என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, லாரியில் மில்லை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வந்து அரைத்துக் கொடுக்க இந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

வந்ததும் வராததுமாக ஒரு கேள்வி கேட்டீர்கள். பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறானே, அவனைக் காட்டி, “உங்க தம்பிங்களா?” என்று. வெளியூர்க்காரர், தெரியாமல் கேட்டுவிட்டீர்கள். வேறு யாராவது கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவன் என் தம்பி இல்லை. என் சம்சாரத்தின் தம்பி. பெயர் அர்த்தனாரி. எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நேற்று முந்தாநாள் நின்ற பேச்சு இல்லை, கோகிலா பெரியவளான அன்றைக்கு நின்றது. அவளுக்குக் கல்யாணமாகி, போன இடம் சரியில்லாமல் திரும்பி வந்து, இப்போது சொந்தத் தொழிலும் வைத்துவிட்டாள். அத்தனை காலமும் ஒரு வார்த்தை இல்லை.

நான் மனசில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை தம்பி. எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மேற்கு வீட்டு நாச்சிமுத்து, என் கல்யாணப் பந்தியிலேயே எனக்கு ரசம் ஊற்றாமல் தாண்டிப் போனான். அதையே நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். பருப்பு ரசம். பித்தளை வாளி. எனக்கு இடது பக்கம் இருந்தவனுக்கு ஊற்றினான், வலது பக்கம் இருந்தவனுக்கு ஊற்றினான். மறந்துவிட்டேன்.

ஆனால் அர்த்தனாரி செய்தது வேறு.

இந்த லாரி இருக்கிறதே, இது நானும் அவனும் கூட்டாக வாங்கியது. அதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் மாட்டு வியாபாரம். சந்தை சந்தையாகப் போவோம். என் பெயர் செங்கோடன். அவன் பெயர் அர்த்தனாரி. இரண்டும் திருச்செங்கோட்டு மலையில் ஒரே இடத்தில் குடியிருக்கிற சாமிகளின் பெயர். சாமிகள் இன்று வரைக்கும் சண்டை போட்டதில்லை. அதனால் எங்கள் கூட்டும் நிற்கும் என்று ஊரில் சொன்னார்கள். ஊர் எதைத்தான் சொல்லவில்லை.

கோகிலா பெரியவளானாள். சீர் வைத்தோம். தாய்மாமன் சீர் என்றால் உங்கள் பக்கத்திலும் தெரியும்தானே? தட்டுத் தட்டாக வரும், மேளத்தோடு வரும், அவன் வந்து மாலை போட்டால்தான் மற்ற எதுவும் நடக்கும். இவன் எங்கள் லாரியிலேயே சீரை ஏற்றிக்கொண்டு, சொந்தபந்தம் எல்லோரையும் பின்னால் நிற்கவைத்துக்கொண்டு கிளம்பினான். வந்தானா? காலையில் வரவேண்டியவன் பொழுது சாயும்போது வந்தான். எப்படி வந்தான்? நடந்து வந்தான். வேட்டி சட்டையெல்லாம் கரி. தலையில் வாழைப்பழத் தட்டு. பின்னால் மேளக்காரர்கள் மேளத்தை அடிக்காமல் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். வழியிலேயே எஞ்சின் பிடித்துப் போயிற்றாம். பிளாக்கே வெடித்துவிட்டதாம். ஏன்? ஒரு சொட்டு ஆயில் இல்லை.

அதுவரைக்கும் நான் வாசலில் நிற்கிறேன். வருகிறவன் போகிறவன் எல்லாம், “மாமன் எங்கே, மாமன் எங்கே?” பந்தல்காரன்கூடக் கேட்டான். கோகிலா ஈரத் தலையோடு மணையில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள்.

ஆயில் கேன் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. முந்தின நாள் அதை இறக்கி ஊற்றுவதாகவும் பேச்சு இருந்தது. அதையும் மறுக்கவில்லை. சீர் வேலையில் ஆயிரம் இருக்கும். ஆனால் ஓட்டுகிறவன் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டாமா? அவன் நான் ஊற்றியிருப்பேன் என்று நினைத்தானாம். நான் அவன் பார்த்திருப்பான் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா, அவன்?

அத்தனை பேர் நடுவில் சொன்னேன்: “இன்னிக்கோட உனக்கும் எனக்கும் பேச்சு முடிஞ்சுது.” அவன், “செரிங்க மச்சான்” என்று சொல்லிவிட்டுத் தட்டை இறக்கி வைத்தான். பாருங்கள், எவ்வளவு திமிர். வேறு எவனாவது இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பான், நானும் சொல்லியிருப்பேன், அன்றைக்கே தீர்ந்திருக்கும். “செரிங்க மச்சான்” என்றானே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

லாரி எங்கள் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். கேபினுக்குள் கோழி முட்டை வைத்தது. அவன் தன் பங்கைக் கேட்கவில்லை, நான் கொடுக்கிறேன் என்று சொல்லவும் இல்லை. யார் பேசுவது?

இந்த நிலைமையில்தான் கோகிலா புருஷன் வீட்டை விட்டு வந்தாள். கொஞ்ச காலம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். அப்புறம் அங்கேயும் பிடிக்காமல் ஊருக்கு வந்து புளியமரத்தடியில் நின்று லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கோழிகளை விரட்டினாள். ஒரு நாள் வெல்டிங்காரனைக் கூட்டிவந்தாள். பின்னால் இரண்டு மில் உட்கார்ந்தது, அதற்குத் தனியாக ஒரு டீசல் மோட்டார் உட்கார்ந்தது, பச்சைப் பெயிண்ட் அடித்தாள். ஆபீஸ் காகிதமெல்லாம் அவளே அலைந்து வாங்கினாள். எல்லாம் ஆயிற்று. லாரி நகரத்தான் எஞ்சின் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

“பொள்ளாச்சிக்குப் பக்கத்துல பழைய லாரி ஒடைக்கிற யார்டு ஒண்ணு இருக்குதாம்ப்பா. நம்ம வண்டிக்கு எஞ்சின் கெடைக்கும்னு மாமன் விசாரிச்சு வெச்சிருக்குது. மாமனுக்கு எஞ்சின் தெரியும், உங்களுக்கு வெலை பேசத் தெரியும். ரெண்டு பேரும் போயி எடுத்துட்டு வாங்க.”

“அவங்கூடவா?”

“அவுருகூடத்தான். மாமன் பிக்கப்பு வண்டியிலதான் எஞ்சினை ஏத்தோணும். ஞாயித்துக்கெழமைக்குள்ள எஞ்சின் வரலீன்னா நான் திங்கக்கெழமை திருப்பூர் போயிர்றேன். ஆஸ்டல்ல எடம் சொல்லி வெச்சிருக்குது.”

எனக்கு என்ன, போகிறவள் போகட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த ஆஸ்டலுக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன் தம்பி. ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். சிரித்தாள். கம்பி வழியாக முறுக்குப் பொட்டலத்தைக் கொடுக்க முடியவில்லை, பொட்டலம் பெரிது. பிரித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். மறுபடியும் அந்தக் கேட்டுக்கு முன்னால் போய் நிற்க எனக்கு முட்டி வலி. அதற்காகத்தான் கிளம்பினேன். இல்லாவிட்டால் அவன் வண்டியில் ஏற எனக்கு என்ன தலையெழுத்து?

விடிந்ததும் வந்து நின்றான். தேங்காய் ஏற்றுகிற பிக்கப்பு. முன்னால் இரண்டு சீட்டு, நடுவில் கியர், கியருக்கு மேலே டேஷ்போர்டில் ஒரு பிள்ளையார். நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எடப்பாடி தாண்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம்தான்.

குமாரபாளையம் வந்தபோது எனக்கு டீ குடிக்க வேண்டும் போலிருந்தது. அவனிடம் சொல்ல முடியுமா? பிள்ளையாரைப் பார்த்துச் சொன்னேன்:

“புள்ளையாரே, இந்த வண்டியில வர்றவன் மனுசன்தானா, அவனுக்கு நாக்கு வறளுமான்னு ஓட்டறவங்களுக்குத் தெரியாதா?”

அவன் கியரை மாற்றினான். அப்புறம் அவனும் பிள்ளையாரைப் பார்த்து, “புள்ளையாரே, இங்க டீ நல்லா இருக்காது. பாலத்தைத் தாண்டி பவானியில நல்லா இருக்கும். அது வரைக்கும் பொறுத்துக்கோணும்” என்றான்.

பவானியில் டீ நன்றாகத்தான் இருந்தது. அதற்காக அவனைப் பாராட்ட முடியுமா? பிள்ளையாருக்கும் ஒரு டீ வாங்கி முன்னால் வைத்தான், கேலிக்கு. நான் சிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் போன் இருக்கிறதே என்று ஞாபகம் வந்தது. பெருந்துறை தாண்டி ஓரமாக நிறுத்தவேண்டிய அவசரம் எனக்கு. இதையெல்லாம் பிள்ளையாரிடம் சொல்லக் கூச்சமாக இருக்காதா? கோகிலாவுக்குப் போன் போட்டேன். “கண்ணு, உங்க மாமங்கிட்டச் சொல்லி வண்டியை ஓரங்கட்டச் சொல்லு.”  கொஞ்ச நேரத்தில் அர்த்தனாரியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். “செரி கண்ணு, செரி கண்ணு” என்றான். நிறுத்தினான்.

பல்லடத்தில் ஒரு தடவை, உடுமலை பிரிவில் ஒரு தடவை. பிரிவில் அவன் வேறு வழியில் திரும்பப் பார்த்தான், எனக்கு வழி தெரியும், கோகிலாவுக்குப் போட்டேன். அவள் அவனுக்குப் போட்டாள். அவன் அவளிடம், “அந்த ரோட்டுல பாலம் வேலை நடக்குதுன்னு சொல்லு” என்றான். அவன் சொல்வது என் காதில் விழத்தான் செய்கிறது. ஆனாலும் அவள் என்னைக் கூப்பிட்டுச் சொல்லட்டும் என்று இருந்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது. அவள் கூப்பிட்டாள். “அப்பா, பாலம் வேலை நடக்குதாம். இனிமே ரெண்டு பேரும் எனக்குப் போன் பண்ணாதீங்க. கருமம், நான் போனை அமத்தி வெக்கப் போறேன்” என்றாள். சொன்னபடியே அணைத்தும்விட்டாள்.

அவள் மட்டும் போனை அமத்தாமல் இருந்திருந்தால் அதற்கப்புறம் நடந்தது நடந்திருக்காது. ஆக, தப்பு என்று பார்த்தால் கொஞ்சம் அவள் பேரிலும் இருக்கிறது.

யார்டு பொள்ளாச்சிக்கு வெளியே இருந்தது. பெரிய இடம். லாரிகளைப் பிரித்துப் போட்டு, கேபின் ஒரு பக்கம், ஆக்சில் ஒரு பக்கம், எஞ்சின்களை வரிசையாகக் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். முன்னால் ஒரு கேட், எதிரில் டீக்கடை. பின்னால் ஒரு கேட், அங்கே வேப்பமர நிழல். நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே டயர் அடுக்கு. அர்த்தனாரி பின்பக்கம் வேப்பமரத்தடியில் வண்டியை விட்டான். நான் இறங்கி, அவன் கூட வருகிற மாதிரித் தெரியக்கூடாது என்று சுற்றிக்கொண்டு முன்கேட் வழியாக உள்ளே போனேன்.

எஞ்சின்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்குத் தெரியாதா? மாட்டைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு எஞ்சினைப் பார்க்கத் தெரியாதா? மூன்றாவது வரிசையில் ஒன்று எனக்குப் பிடித்தது. பார்த்தவுடனே பிடித்தது. கொஞ்சம் முன்னால் அர்த்தனாரி அதே எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன் மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை டயர் சந்து வழியாகப் பார்த்தேன். அப்புறம் அவன் அளவு பார்க்க ஏதோ நூலை எடுக்கப் பின்பக்கம் வண்டிக்குப் போனான். ஆனால் அதனால் பிடிக்கவில்லை. எனக்காகவே பிடித்தது.

யார்டு முதலாளி வயசானவர். பெயர் சிக்கந்தர் ராவுத்தர். என்னைப் பார்த்தார், என் தலைப்பாகைக் கட்டைப் பார்த்தார். “சந்தைக்காரரா?” என்றார். “ஒரு காலத்துல” என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. அவரும் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவராம். மாடு வியாபாரம் குறைந்தபிறகு இதில் இறங்கியிருக்கிறார்.

“அப்ப வெலையை வாயால சொல்லி அசிங்கப்படுத்த வேண்டாம்” என்று தோளிலிருந்து பச்சைத் துண்டை எடுத்துக் கையில் போட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. சந்தையில் சுற்றிலும் ஆள் நிற்பான், விலை காதில் விழக்கூடாது. அதனால் துண்டுக்குள்ளே கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவோம். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை. இல்லையென்றால் விரலை மடக்கிவிடுவோம். துண்டுக்குள் இரண்டு கையும் இருக்கிறவரைக்கும் பேரம் நடக்கிறது என்று அர்த்தம். எவன் முதலில் கையை உருவுகிறானோ அவன்தான் பேரத்தை முறித்தவன். வாய் பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

ராவுத்தர் விரலைப் பிடித்தார். நான் மடக்கினேன். நான் பிடித்தேன், அவர் மடக்கினார். ஒரு இடத்தில் வந்து நின்றது. நான், “டீ குடிச்சுட்டு வந்து சொல்றேன்” என்று எதிர்க் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அது ஒரு தந்திரம். ஆசைப்படுகிறவன் மாதிரித் தெரியக்கூடாது.

நான் டீ குடிக்கிற நேரத்தில் அங்கே என்ன நடந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. அர்த்தனாரி திரும்பி வந்திருக்கிறான். என்னைக் காணோம். ‘மனுசன் முறுக்கிக்கிட்டு எங்கியோ உக்காந்திருக்காரு, நாமளே முடிச்சிரலாம்’ என்று நினைத்து ராவுத்தரின் துண்டுக்குள்ளே கையை விட்டிருக்கிறான். அவனுக்கும் சந்தைக் கைதானே. ராவுத்தர், “இதுக்கு வேற ஒரு பார்ட்டி கேட்டிருக்காங்க தம்பி” என்றிருக்கிறார். அவன் ஒரு விரலைக் கூட்டியிருக்கிறான். யோசித்துச் சொல்கிறேன் என்று வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். அதே தந்திரம். நான் கற்றுக்கொடுத்ததுதான்.

நான் போனேன். “வேற பார்ட்டி ஏத்திக் கேக்கறாங்க” என்றார் ராவுத்தர்.

“யாரது?”

“பார்ட்டி பேரைச் சொன்னா தொழிலுக்கு அழகில்லீங்க.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. எவனோ ஒருவன், என் மகள் லாரிக்கு வரவேண்டிய எஞ்சினில் கை வைக்கிறான். ஒரு விரல் கூட்டினேன். டீக்கடைக்கு வந்தேன். அவன் கூட்டினான். நான் கூட்டினேன். ராவுத்தர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்கேட்டுக்கும் பின்கேட்டுக்குமாக நடக்கிறார். ஒவ்வொரு தடவையும் வந்து, “அந்தப் பார்ட்டி ரொம்பப் பிடிவாதக்காரருங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது” என்பார். எனக்கு அந்தப் பார்ட்டிமேல் வந்த கோபம் இருக்கிறதே! இப்படியும் ஒரு வீம்பு பிடித்தவன் இருப்பானா, வீட்டில் பெண்டு பிள்ளை இருக்குமா, இவனோடு எவள் குடித்தனம் நடத்துகிறாள் என்று திட்டிக்கொண்டே டீ குடித்தேன். வயிறு முட்ட டீ.

கோகிலாவுக்குப் போட்டேன். போன் அமத்தி வைத்திருக்கிறது. கொண்டுவந்த பணத்தைத் தாண்டி விலை போயாயிற்று. எஞ்சின் இல்லாமல் எப்படி வீட்டுக்குப் போவது? அந்தக் கேட்டும் கம்பியும் கண் முன்னால் வந்து நின்றன. அர்த்தனாரி என்ன செய்கிறான், எங்கே ஒழிந்தான், இந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டாமா என்று அவனையும் சேர்த்துத் திட்டினேன்.

கடைசியில் ராவுத்தருக்கு முழங்கால் போயிற்று. எஞ்சின் பக்கத்திலேயே ஒரு டயரில் உட்கார்ந்துவிட்டார். ஆளை அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

“இனி என்னால நடக்க முடியாதுங்க. அந்தப் பார்ட்டியையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரா கையை விட்டுப் பேசிக்குங்க. யாரு வுடறீங்களோ வுடுங்க.”

வரட்டும், அந்த மூஞ்சியை நானும் பார்க்கிறேன் என்று தலைப்பாகையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். டயர் அடுக்கைச் சுற்றிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். வரும்போதே அவனும் துண்டை உதறிக் கட்டிக்கொண்டுதான் வந்தான்.

நான் சொல்ல வேண்டுமா தம்பி?

அப்படியே நின்றேன். அவனும் நின்றான். ராவுத்தரின் ஆட்கள் நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். ‘நாங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தவர்கள், ஒரே வீட்டு ஆட்கள், எங்களுக்குள்ளேயே ஏற்றிவிட்டுக்கொண்டோம்’ என்று அங்கே சொல்ல முடியுமா? சொன்னால் பொள்ளாச்சிச் சந்தை முழுக்க ஒரு மாசம் இதே பேச்சாக இருக்கும். அதோடு, சொல்வதென்றால் அவனைப் பார்த்தல்லவா பேச வேண்டும்.

ராவுத்தர் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துச் சேர்த்து வைத்து, மேலே பச்சைத் துண்டைப் போட்டார். “ம், பேசுங்க” என்றார்.

அத்தனை வருஷத்துக்கப்புறம் அவன் கை. தேங்காய் உரித்து உரித்துக் காய்த்துப் போயிருந்தது. நான் விரலைப் பிடிக்கவில்லை. அவனும் பிடிக்கவில்லை. வெறுமனே நிற்கிறோம். ராவுத்தர் வானத்தைப் பார்த்து, “மழை வருமா?” என்கிறார்.

அப்போது என் உள்ளங்கையில் நகத்தால் ஒரு கீறல்.

மாட்டு வியாபாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் வைத்திருந்த அடையாளம் அது. வேறு எவனுக்கும் தெரியாது. நான் ஒரு மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் நிற்கிற அர்த்தனாரி மாட்டில் ஏதாவது கோளாறு பார்த்தால், இல்லை, விலை மேலே போகிறது என்று பட்டால், என் இன்னொரு கையில் இப்படித்தான் கீறுவான். விட்டுவிடு, திரும்பிப் பார்க்காமல் நட என்று அர்த்தம். நடந்துவிட்டால் பத்தடிக்குள் மாட்டுக்காரன் பின்னாலேயே வருவான்.

அவன் கீறுவதற்கு ஒரு நொடி முன்னால் எனக்கும் அதே யோசனை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் யோசனை என்னுடையது, அவன் விரல் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை உருவினோம்.

“எனக்கு வேண்டாம்” என்றேன்.

“எனக்கும் வேண்டாமுங்க” என்றான் அவன்.

நான் முன்கேட்டைப் பார்த்து நடந்தேன். அவன் பின்கேட்டைப் பார்த்து நடந்தான். ராவுத்தர் டயரிலிருந்து எழுந்தார். “அட, என்னங்க இது, ஒருத்தராவது நில்லுங்க” என்றார். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி. முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. கடைசியில் என் பின்னால்தான் வந்தார். கவனியுங்கள், அவன் பின்னால் போகவில்லை. யார் பெரிய பார்ட்டி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. முன்கேட் அவருக்குப் பக்கத்தில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

துண்டைப் போட்டார். அவர் விரலைப் பிடித்தார், நான் மடக்கினேன், மடக்கிக்கொண்டே இருந்தேன். காலையில் எங்கே ஆரம்பித்தோமோ அதற்கும் கீழே வந்து முடிந்தது.

எஞ்சினை ஏற்றும் நேரம் வந்தது. “வண்டியைக் கொண்டாங்க” என்றார் ராவுத்தர். நான் பின்கேட்டைப் பார்த்தேன். பின்கேட் வழியாக ஒரு பிக்கப்பு பின்னோக்கியே வந்து எஞ்சின் பக்கத்தில் நின்றது. ஓட்டுகிற இடத்தில் பிடிவாதக்காரப் பார்ட்டி.

ராவுத்தர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே வண்டியா?”

“ஆமாங்க.”

“கூட்டாளியா?”

“இல்லீங்க. எனக்கும் அந்தாளுக்கும் பேச்சே கெடையாது.”

“அப்ப அவரு யாரு?”

“என் மச்சினன்.”

 மனுஷன் திரும்பவும் டயரில் உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை. தாடியெல்லாம் கண்ணீர். “நானும் எத்தனையோ தரகனைப் பாத்திருக்கேன். பேசி வெச்சுக்கிட்டு ஏமாத்தறவனைப் பாத்திருக்கேன். பேசாமயே ஏமாத்தினவங்க நீங்கதாங்க” என்றார். எஞ்சினைக் கட்டி முடித்தபிறகு, அந்தப் பச்சைத் துண்டை மடித்து டேஷ்போர்டில் பிள்ளையார் பக்கத்தில் வைத்தார். “இது எனக்கு வேண்டாம். உங்க வீட்டுக்குத்தான் வேணும்.”

திரும்பி வரும்போதும் பேசவில்லை. எதற்குப் பேச வேண்டும்? அவன் செய்ததை நான் மறந்துவிட்டேனா? பவானியில் அவனாகவே நிறுத்தினான். எனக்கு அன்றைக்கு டீயைப் பார்த்தாலே குமட்டியது. கேட்காமலே பொறை ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கி வந்து சீட்டில் வைத்தான். பிள்ளையாருக்காக வாங்கினான் போலிருக்கிறது. பிள்ளையார் சாப்பிடாததால் நான் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் லாரியில் உட்கார்ந்தது. அர்த்தனாரி சாவியைத் திருகினான், ஒரே இழுப்பில் பிடித்தது. புளியமரத்துக் காக்காய் எல்லாம் பறந்து போயிற்று. கோகிலா பானெட்டைத் தொட்டுக்கொண்டு நின்றாள். திருப்பூர்ப் பை மூலையில் கட்டி வைத்திருந்தது. சாயங்காலம் பார்த்தேன், அதைப் பிரித்து அதற்குள் மில்லைத் துடைக்கிற துணியும் சல்லடையும் போட்டு வைத்திருக்கிறாள்.

அதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் நாள் தொழிலுக்குக் கிளம்பினோம். அவன் டிரைவர். நான் சும்மா, மேற்பார்வைக்கு. வாரச்சந்தையில் கூட்டத்துக்கு நடுவில் லாரியை நிறுத்துவதற்குள் பின்னாலிருந்து ஒரு புகை கிளம்பியது பாருங்கள். வெள்ளையும் நீலமுமாக. தக்காளிக்காரி கடையை விட்டு ஓடினாள். யாரோ தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டுவிட்டார்கள். கோகிலா இறங்கி வந்து ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தாள். தொண்டை வரைக்கும் ஆயில்.

“யாரு ஊத்துனது?”

“நான்தான் கண்ணு, விடிகாலையில” என்றேன்.

“நானும் ஊத்துனேனே கண்ணு” என்றான் அவன்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் சம்சாரம் பார்ப்பது மாதிரியே பார்க்கிறாள் இப்போதெல்லாம். “என் சீருக்கு ஒருத்தரும் ஊத்துல. என் தொழிலுக்கு ரெண்டு பேரும் ஊத்தறீங்க. நீங்க வாயைத் தொறந்து பேசிக்க வேண்டாம். உங்க வீம்பை நீங்களே வெச்சுக்குங்க. அந்த ராவுத்தர் துண்டு எங்க?” என்றாள்.

அன்றையிலிருந்து அவள் போட்ட சட்டம். தினமும் வண்டி கிளம்புவதற்கு முன்னால் அர்த்தனாரியும் நானும் பானெட்டுக்குப் பக்கத்தில் நிற்போம். துண்டுக்குள் கையை விடுவோம். ஒரு விரல் பிடித்தால் ஆயில் பார்த்தாயிற்று. இரண்டு விரல் என்றால் தண்ணீர் ஊற்றியாயிற்று. மூன்று என்றால் கிளம்பலாம். சாயங்காலமும் அப்படித்தான், நாளைக்கு எந்த ஊர் என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஜனங்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், பார்க்கட்டும். இதைப் பேச்சு என்று எவனும் சொல்ல முடியாது. வாய் திறந்தால்தானே பேச்சு?

அதோ பாருங்கள், பானெட்டை மூடிவிட்டான். துண்டை உதறுகிறான். என்னைக் கூப்பிடுகிறான் என்று அர்த்தம். உங்கள் மிளகாயும் இறங்கிக்கொண்டிருக்கிறது, சூடு ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள், உடனே மூடிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை தம்பி. நீங்கள் படித்தவர், கேட்கிறேன். சில நாள் சாயங்காலம் ஊர்க் கணக்கெல்லாம் முடிந்தபிறகு அவன் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறான். எங்கள் கணக்கில் ஐந்துக்கு எதுவும் கிடையாது. என்ன கேட்கிறான், என்ன விலை சொல்கிறான், ஒன்றும் தெரியவில்லை. வயசாகிவிட்டது, கணக்கை மறந்திருப்பான். பிடித்துக்கொண்டு அவன் பாட்டுக்கு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கோகிலா மில்லைக் கழுவி முடித்து, “ஏறலாமா?” என்று கேட்கிறவரைக்கும் நிற்கிறான்.

நானும் நிற்கிறேன். வேறு என்ன செய்வது? நான் முதலில் கையை உருவினால் பேரத்தை முறித்தவன் நான் என்று ஆகிவிடுமே.